சிவில் ரைட்ஸ் பாடமும் க்ரோம்புக்கும்: பதினோராம் கிளாஸ்ல எது எடுபட்டுது, எது எடுபடல

நான் அட்லாண்டாவுக்கு வடக்க ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல யூ.எஸ். ஹிஸ்டரி எடுக்குறேன், பதினோராம் கிளாஸ் பசங்களுக்கு. நம்ம ஊர்ல இருந்து வந்து இங்க டீச்சரா இருக்குறவங்க, இல்ல ஆகலாமான்னு யோசிக்கிறவங்க அப்பப்போ கேக்குறாங்க, "அமெரிக்க கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டத்த நீ எப்படி எடுக்குற, அதுவும் எல்லாரும் லேப்டாப்ப தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்குற கிளாஸ்ல?"ன்னு. அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்தப் பாடத்துல இருக்குற பிரச்சனை பசங்களுக்கு தெரியாதுங்குறது இல்ல, தெரியும்னு நெனைச்சுட்டு வர்றதுதான். கிண்டர்கார்டன்ல இருந்து வருஷா வருஷம் ஜனவரி, பிப்ரவரி வந்தா போதும், இதே கதை: ரோசா பார்க்ஸ் வேலை முடிச்சு அசதியா பஸ்ல உக்காந்திருந்தாங்க, வெள்ளைக்காரருக்கு எடம் விட்டு எந்திரிக்க மாட்டேன்னாங்க, மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசினாரு, எல்லாம் சரியாயிடுச்சு. பதினாறு வயசுல அவனுக்கு இது போரடிக்குது, நியாயம்தான். இதுல போய் நம்ம கலர் கலரா ஸ்லைடு, வீடியோ, க்விஸ் கேம்னு போட்டோம்னா அதே கதைய இன்னும் வேகமா தாண்டிப் போய்டுவான், அவ்ளோதான். என் அனுபவத்துல டிஜிட்டல் டூல் எதுக்கு உதவுதுன்னா, ஓடிட்டு இருக்குற பையன ஒரு பேப்பர் முன்னாடி புடிச்சு நிறுத்துறதுக்கு. அதுக்கு உதவாத டூல் எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

உதாரணத்துக்கு அதே ரோசா பார்க்ஸையே எடுத்துக்கோங்க. 1955 டிசம்பர் 1 அன்னைக்கு அவங்கள கைது பண்ணப்போ அலபாமா ஸ்டேட்ல மான்ட்கோமரி போலீஸ் எழுதுன ரிப்போர்ட் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் சைட்ல ஸ்கேன் பண்ணி கிடக்கு, ஃப்ரீயா. அவங்க கைரேகை கார்டும் இருக்கு, பஸ்ல யார் எங்க உக்காந்திருந்தாங்கன்னு கோர்ட்டுக்காக வரைஞ்ச ஒரு படமும் இருக்கு. இந்த மூணையும் கூகுள் கிளாஸ்ரூம்ல போட்டு, ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, "ஜூம் பண்ணு, படி, என்கிட்ட எதுவும் கேக்காத"ன்னு விட்டுடுவேன். ரிப்போர்ட்ல போலீஸ்காரர் சொல்றது, கறுப்பினப் பெண் ஒருத்தர் வெள்ளைக்காரங்க பகுதியில உக்காந்துட்டு பின்னாடி போக மாட்டேங்குறாங்கன்னு பஸ் டிரைவர் சொன்னாரு, அப்டின்னு. இப்போ அந்தப் படத்த தொறந்து பாரு. முன்னாடி பத்து சீட்டு வெள்ளையருக்குன்னு ஒதுக்குனது, பார்க்ஸ் உக்காந்திருந்தது அதுக்குப் பின்னாடி, நடுப்பகுதியோட முதல் வரிசையில. "மிஸ், அப்போ ரிப்போர்ட்ல இருக்குறது பொய்யா?"ன்னு எங்கயாவது ஒரு மூலையில இருந்து வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்ளோ நேரம் வாய மூடிட்டு இருந்தேன். பொய்யா, இல்ல வெள்ளைக்காரர் ஒருத்தர் நின்னா அந்த வரிசையே வெள்ளையர் பகுதியா மாறிடும்னு அந்த ஊர்ல எல்லாரும் எடுத்துக்குற மாதிரி இருந்துச்சா? ஒரு ஆள் உக்கார்றதுக்கு நாலு பேர் எந்திரிக்கணும். எல்லை நகர்ந்துட்டே இருக்கும், நகர்த்துறவர் டிரைவர். அவங்க மேல போட்ட பிரிவு சிட்டி கோடுல ஆறாவது அத்தியாயம் பதினோராவது செக்‌ஷன், அதுதான் டிரைவருக்கு போலீஸ்காரரோட அதிகாரத்தக் குடுக்குற செக்‌ஷன். இத நான் போர்டுல எழுதிப் போட்டா எவனும் கண்டுக்க மாட்டான், அவனே தேடிக் கண்டுபிடிச்சா பக்கத்து டேபிள்காரனக் கூப்ட்டு காட்டுறான்.

இன்னொண்ணும் கவனிப்பாங்க, பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள சி.எஃப்.-னு சின்னதா டைப் அடிச்சிருக்கும். கலர்டு ஃபீமேல். சும்மா ரெண்டு எழுத்துதான். டைப்ரைட்டர்ல அத அடிச்சவருக்கு அது ஒரு விஷயமே இல்லங்குறது தெரியுதுல்ல, அந்த எடத்துல கிளாஸ் கொஞ்சம் அமைதியாயிடும்.

அதுக்கப்புறம் போட்டோ. இது என்னோட ஃபேவரிட். கூகுள்ல ரோசா பார்க்ஸ்னு போட்டா மூணு படம் கண்டிப்பா வரும்: போலீஸ்காரர் அவங்க விரல புடிச்சு ரேகை எடுக்குறது, கைதானப்போ போலீஸ் எடுத்த, 7053-ன்னு நம்பர் மாட்டுன மக்‌ஷாட், பஸ் ஜன்னலோரம் உக்காந்திருக்க பின் சீட்ல ஒரு வெள்ளைக்காரர் மொறைச்சுட்டு இருக்குற மாதிரி ஒண்ணு. "இது மூணும் எந்த நாள் எடுத்ததுன்னு கண்டுபிடி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சோர்ஸ் வேணும், அதுல ஒண்ணு ஆர்க்கைவா இருக்கணும்"னு சொல்லி கூகுள் லென்ஸ்ல படத்தப் போட்டுத் தேடச் சொல்லுவேன். முக்காவாசி சைட்டு 1955 டிசம்பர் 1-ன்னு போட்டிருக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கேட்டலாக்ல போய் பாத்தா கதை வேற. ரேகை எடுக்குற படமும் மக்‌ஷாட்டும் 1956 பிப்ரவரி 22 அன்னைக்கு எடுத்தது, அதாவது ரெண்டாவது கைது. முதல் கைதுக்கப்புறம் ஊர்ல கறுப்பின மக்கள் பஸ்ல ஏறாம பாய்காட் நடத்துனதுக்காக 1921-ல போட்ட ஒரு பழைய சட்டத்த தூசி தட்டி எடுத்து, கிங்கையும் சேத்து எண்பது பேருக்கு மேல கேஸ் போட்டாங்க, அதுல இவங்களும் ஒருத்தர். பஸ் படம் 1956 டிசம்பர் 21, கோர்ட்டுல ஜெயிச்சு பாய்காட் முடிஞ்ச மறுநாள் பத்திரிகைக்காக எடுத்தது, பின் சீட்ல இருக்குறவர் மொறைக்கவெல்லாம் இல்ல, அவர் யுனைட்டட் பிரஸ் ரிப்போர்ட்டர் நிக்கோலஸ் கிறிஸ். பசங்க முகத்தப் பாக்கணுமே! ஏமாத்திட்டாங்களே மிஸ்னு. ஏமாத்தல, படம் உண்மைதான், நம்ம போட்ட தேதிதான் தப்பு. ஆனா தேதிய சரிபண்ண உடனே கதையே மாறுது பாருங்க: ஒருத்தர் ஒரு நாள் அசதியா உக்காந்த கதை போய், 381 நாள் ஒரு ஊரே நடந்து போன கதை வந்துடுது. 1943-ல இருந்தே அவங்க மான்ட்கோமரில என்.ஏ.ஏ.சி.பி.ங்குற கறுப்பினர் உரிமைச் சங்கத்துக்கு செக்ரட்டரி, 1955 மார்ச்லயே கிளாடெட் கோல்வின்னு 15 வயசுப் பொண்ணு இதே ஊர்ல இதே காரணத்துக்கு கைதாயிருக்கு, பஸ் சட்டத்த ஒடச்ச ப்ரௌடர் வெர்சஸ் கெய்ல் கேஸ்ல வாதி லிஸ்ட்ல கோல்வின் இருக்காங்க, பார்க்ஸ் இல்ல. இதெல்லாம் தானா வெளிய வரும். 15 வயசுன்னதும் பொண்ணுங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

நேரம் பத்தி ஒரு வார்த்தை. இந்த போட்டோ வேலை ஒரு முழு பீரியட் புடிக்கும். சிலபஸ் முடியணும், ஸ்டேட் எக்ஸாம் இருக்கு, தெரியும். நான் வேற எடத்துல வெட்டிடுறேன். சிவில் ரைட்ஸ் சட்டங்களோட லிஸ்ட், 1957, 1960, 1964, 1965, 1968, இதுக்கு ஒரு பக்க ஷீட்டும் ஒரு சின்ன க்விஸும் போதும்.

இப்போ எடுபடாதத சொல்றேன். ஸ்டோரி மேப். மேப்ல புள்ளி வச்சு, ஒவ்வொரு புள்ளிக்கும் படம் போட்டு, ஸ்க்ரோல் பண்ணா அழகா நகரும். டிஸ்ட்ரிக்ட் ட்ரெயினிங்ல எல்லாம் இதத்தான் காட்டுவாங்க, பேரன்ட்ஸ் வந்தா வாயப் பொளந்து பாப்பாங்க. கிளாஸ்ல என்ன நடக்குதுன்னா, அரை மணி நேரம் ஃபான்ட் செலக்ட் பண்றது, அரை மணி நேரம் பேக்ரவுண்டு கலர், கடைசி பத்து நிமிஷத்துல விக்கிபீடியால இருந்து நாலு லைன் அள்ளிப் போடுறது. இப்பவும் வேணும்னா பண்ணுங்கன்னு விடுறேன், ஆனா டிசைனுக்கு மார்க் ஜீரோ, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஒரிஜினல் டாக்குமென்ட், அதுல இருந்து ஒரு வரி, அந்த வரி ஏன்னு ரெண்டு வாக்கியம் அவனே எழுதணும். மார்க் எங்க இருக்குன்னு தெரிஞ்ச உடனே ஃபான்ட் மேல இருந்த பாசம் பாதி கொறஞ்சுடுது.

ஆனா மேப்பே வேண்டாம்னு சொல்லல. ரிச்மண்ட் யுனிவர்சிட்டி போட்டிருக்குற மேப்பிங் இனிக்வாலிட்டி இருக்கே, அது வேற ரகம். 1930-கள்ல மத்திய அரசோட ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன் ஊர் ஊரா வீட்டுக் கடனுக்கு எவ்ளோ ரிஸ்க்குன்னு ஏரியாவுக்கு கிரேடு போட்டு வரைஞ்ச மேப்புங்க, பச்சைன்னா பெஸ்ட், நீலம் பரவால்ல, மஞ்சள் இறங்குமுகம், சிவப்புன்னா ஆபத்து. அட்லாண்டா மேப்பும் இருக்கு. பசங்க முதல்ல கலரத்தான் பாப்பாங்க, தெரிஞ்ச தெருவ தேடுவாங்க. அதோட விட்டா அதுவும் ஒரு படம்தான். ஏரியாவ கிளிக் பண்ணா அன்னைக்கு ஆபீசர் ஃபில்லப் பண்ண ஃபாரம் வரும், அங்கதான் நிறுத்தணும். எத்தன பர்சன்ட் வெளிநாட்டுல பொறந்தவங்க, நீக்ரோ உண்டா இல்லையா, எத்தன பர்சன்ட், அப்புறம் ஒரு கட்டத்துல "ஊடுருவல்: யார்?"னு கேட்டிருக்கும். வீட்டுக் கடன் ஃபாரம்ல ஊடுருவல்னு ஒரு கட்டம். ஒரு பையன் இது ஏதோ ராணுவ ஃபாரம் மாதிரி இருக்கேன்னான். இங்க டீச்சர் ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும், பசங்க உடனே "இந்த மேப்பாலதான் எல்லாம்"னு முடிவு கட்டிடுவாங்க. இந்த மேப்போட தாக்கம் எவ்ளோன்னு ஹிஸ்டோரியன்ஸ் நடுவுலயே வாதம் இருக்கு, கறுப்பினக் குடும்பங்களுக்கு கடன் இன்ஷூரன்ஸ் மறுத்ததுல ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷனோட பங்கு ரொம்பப் பெருசு, அவங்க விதிமுறை தனி. ஆக மேப் ஒரு சாட்சி, அவ்ளோதான், அதுவே தீர்ப்பு இல்ல.

உள்ளூர் விஷயம் ஒண்ணு எப்பவுமே எடுபடும். 1960 மார்ச் 9-ம் தேதி அட்லாண்டா பேப்பர்கள்ல ஒரு முழுப்பக்க அறிக்கை வந்துச்சு, அட்லாண்டா யுனிவர்சிட்டி சென்டர் காலேஜ் பசங்க போட்டது, மனித உரிமைகளுக்கான வேண்டுகோள்னு. அடுத்த வாரமே வெள்ளையருக்கு மட்டும்னு இருந்த லஞ்ச் கவுன்ட்டர்ல போய் உக்கார ஆரம்பிச்சுட்டாங்க. அக்டோபர் 19-ம் தேதி ரிச்சஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல அவங்களோட சேந்து கிங்கும் கைது. நான் அட்ரஸ் குடுத்து ஸ்ட்ரீட் வியூல போய் ரிச்சஸ் எங்க இருக்குன்னு காட்டுங்கன்னு சொல்லுவேன். கிடைக்காது, அந்த எடத்துல இப்போ ஃபெடரல் ஆபீஸ் கட்டடம் நிக்குது. மார்ட்டா (அட்லாண்டா மெட்ரோ) ட்ரெயின்ல அந்தப் பக்கம் போய் வந்துட்டு இருக்குற பசங்கதான் எல்லாம். அப்புறம் ஜார்ஜியா யுனிவர்சிட்டி நடத்துற சிவில் ரைட்ஸ் டிஜிட்டல் லைப்ரரியில உள்ளூர் டி.வி. ஸ்டேஷன் எடுத்த அந்தக் காலத்து நியூஸ் ஃபிலிம் இருக்கு, அதுல பாதி சத்தமே இல்லாம ஓடும். சத்தம் இல்லாதது நல்லது, பசங்க பாத்தத எழுதுவாங்க, கேட்டத எழுத மாட்டாங்க.

சத்தம் மட்டும் இருக்குறதும் அதே மாதிரி நல்லது. ஃபேனி லூ ஹேமர் 1964 ஆகஸ்ட் 22 அன்னைக்கு அட்லாண்டிக் சிட்டியில டெமாக்ரடிக் கட்சி கமிட்டி முன்னாடி சொன்ன சாட்சியம், ஆடியோ ஆன்லைன்ல ஈஸியா கிடைக்குது, பத்து நிமிஷம்கூட இருக்காது. ஆளுக்கொரு ஹெட்ஃபோன், ஸ்க்ரீன மூடச் சொல்லிடுவேன். மிசிசிப்பில பருத்திக் காட்டுல வேல பாத்த அம்மா, 1962-ல ஓட்டுக்குப் பேர் பதியப் போறாங்க, அன்னைக்கே 18 வருஷம் வேல பாத்த பண்ணையில இருந்து வெளிய போன்னுட்டாங்க, மறுவருஷம் வினோனா ஜெயில்ல அடிச்சத அவங்க வாயாலயே சொல்றாங்க. முதல் தடவ கேக்கும்போது எழுத விடுறதில்ல, ரெண்டாவது தடவ டிரான்ஸ்க்ரிப்ட் குடுத்து, குரல் எங்க மாறுதுன்னு கோடு போடச் சொல்லுவேன். இத சொல்லிட்டு இருக்கும்போதே பிரசிடென்ட் ஜான்சன் அவசர அவசரமா ஒரு பிரஸ் மீட் வச்சு கேமராவ தன் பக்கம் இழுத்தாரு, ஆனா அன்னைக்கு ராத்திரி நியூஸ்ல டி.வி.காரங்க இவங்க பேச்ச முழுசா போட்டுட்டாங்க, நாடே பாத்துச்சு. டைம்லைன்ல எவன் அட்டென்ஷன எப்படி திருப்புறான்னு தினமும் பாக்குற பசங்களுக்கு இத தனியா விளக்க வேண்டியதே இல்ல.

இது அடிக்கிற காட்சி, கொலை, கெட்ட வார்த்தை எல்லாம் வர்ற பாடம். எம்மெட் டில், மிசிசிப்பில வெள்ளையர் அடிச்சுக் கொன்ன 14 வயசு கறுப்பினப் பையன், அவன் முகத்தோட படத்த நான் ஸ்க்ரீன்ல போடுறதில்ல. 1955-ல அவங்க அம்மா மேமி டில் சவப்பெட்டிய தொறந்தே வைக்கணும்னு ஏன் முடிவெடுத்தாங்கன்னு பேசுவோம், படம் வேணும்னு நெனைக்கிறவன் வீட்ல சொல்லிட்டு தனியா பாக்கட்டும். எந்த டாக்குமென்ட்ல இனவசைச் சொல் வருதுன்னு முந்தின நாளே சொல்லிடுவேன், சத்தமா வாசிக்கும்போது அந்தச் சொல்ல யாரும் சொல்லக்கூடாது. கிளாஸ்ல ரெண்டு மூணு கறுப்பினப் பசங்க இருந்தா எல்லார் தலையும் அவங்க பக்கம் திரும்பும், அத வெட்டிவிடுறது டீச்சர் வேலை, "நீ என்ன நெனைக்கிற"ன்னு அவங்களப் பாத்து கேக்கவே கேக்காதீங்க. அதே காரணத்துக்காகத்தான் நடிச்சுப் பாக்குற ஆக்டிவிட்டி எதுவும் எனக்கு ஆகாது. நீ வெள்ளைக்காரன், நீ கறுப்பினத்தவன், இவன் ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்குற ரெஜிஸ்ட்ரார், ஓட்டுரிமைப் பரீட்சை எழுதுன்னு ஆன்லைன்ல ரெடிமேடா நிறைய சுத்துது, பசங்க சிரிச்சுட்டே எழுதிட்டு புரிஞ்சுடுச்சுன்னு போய்டுவாங்க. அதுக்குப் பதிலா அந்தக் காலத்து மிசிசிப்பி ஓட்டர் அப்ளிகேஷன் ஃபாரத்தையே காட்டுறேன். ஸ்டேட் அரசியல் சட்டத்துல ரெஜிஸ்ட்ரார் சொல்ற ஒரு செக்‌ஷன எழுதிக் காப்பி பண்ணு, அதோட அர்த்தத்த எழுது, குடிமகனோட கடமை என்னன்னு உனக்குப் புரிஞ்சத எழுதுன்னு மூணு எடம். சரியா தப்பான்னு முடிவு பண்றது ரெஜிஸ்ட்ரார் மட்டும். "இதுக்கு ஆன்சர் கீ எங்க மிஸ்?"னு கேப்பாங்க. இல்ல.

நம்ம ஆளுங்க விஷயத்துக்கு வரேன். எங்க ஏரியால இந்தியக் குடும்பங்க ஜாஸ்தி, கிளாஸ்ல கால்வாசியாவது நம்ம முகமா இருக்கும். ஒரு வருஷம் ஒரு தெலுங்குப் பையன் கேட்டான், "மிஸ், அந்த பஸ்ல நாம ஏறியிருந்தா எங்க உக்காரணும்?" நான் பதில் சொல்லல, பழைய நியூஸ்பேப்பர் டேட்டாபேஸ் லாகின் குடுத்து 1955 ஆகஸ்ட், ஹூஸ்டன், இந்தியன் அம்பாசடர்னு தேடச் சொன்னேன். ஜி.எல். மேத்தா, இந்தியத் தூதர், ஹூஸ்டன் ஏர்போர்ட் ரெஸ்டாரன்ட்ல பொது ஹால்ல உக்கார விடாம தனி ரூமுக்கு மாத்துனாங்க, அப்புறம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸே மன்னிப்பு கேக்க வேண்டி வந்துச்சு. தூதருக்கே அப்டின்னா. பேரன்ட் டீச்சர் மீட்டிங்ல சில அப்பாக்கள், "இதெல்லாம் அவங்க பிரச்சனைங்க, பையன் சயின்ஸ் பாக்கட்டும்"னு தமிழ்லயே சொல்லுவாங்க, என்கிட்ட உரிமையா. நானும் உரிமையா சொல்லுவேன், "சார், 1965-க்கு முன்னாடி இந்தியாவுக்குன்னு இருந்த இமிகிரேஷன் கோட்டா வருஷத்துக்கு நூறு பேரு. ஓட்டுரிமைச் சட்டம் ஆகஸ்ட்ல வந்துச்சு, கோட்டாவ ஒழிச்ச சட்டத்துல அதே வருஷம் அக்டோபர் 3 அன்னைக்கு கையெழுத்து. ரெண்டும் ஒரே காத்துல வந்ததுதான்." அதுக்கப்புறம் சயின்ஸ் பேச்சு வர்றதில்ல. 1959-ல கிங் இந்தியா போனப்போ மெட்ராஸ், காந்திகிராமம் எல்லாம் போய்ட்டுத்தான் வந்தாருன்னு ஸ்டான்ஃபோர்டோட கிங் இன்ஸ்டிட்யூட் சைட்ல இருக்கு, திண்டுக்கல்காரங்க யாராவது இருந்தா அத வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டலாம்.

ஜார்ஜியால 2022-ல ஒரு சட்டம் வந்துச்சு, பிரிவினையான கருத்துக்கள்னு ஒரு லிஸ்ட் போட்டு அத கிளாஸ்ல திணிக்கக்கூடாதுன்னு. அதுக்கப்புறம் நிறைய டீச்சர்ஸ் இந்த யூனிட்ட பட்டும் படாம முடிச்சுடுறாங்க, பயம் புரியுது. எனக்கு ஒரிஜினல் டாக்குமென்ட்தான் கவசம். போலீஸ் ரிப்போர்ட்ட நான் எழுதல, கடன் ஃபாரத்த நான் அடிக்கல, அரசாங்கமே எழுதி வச்சது, பையன் படிச்சு அவனா ஒரு முடிவுக்கு வர்றான். யாராச்சும் கேட்டா லெசன் பிளான்ல எல்லா லிங்க்கும் இருக்கு, எந்த ஆர்க்கைவ்னு இருக்கு. இதுவரைக்கும் கேட்டவங்க லிங்க்க பாத்துட்டு போய்ட்டாங்க.

ஏஐ பத்தி எல்லாரும் கேக்குறாங்க. கிங் மாதிரி பேசு, மால்கம் எக்ஸ் மாதிரி பேசுன்னு சாட்பாட்ட வச்சு இன்டர்வியூ எடுக்குற ஆப்பெல்லாம் ஸ்கூலுக்கே விக்கிறாங்க. எனக்கு சுத்தமா புடிக்கல. அந்த மனுஷன் எழுதுனது, பேசுனது, அவர உளவு பாத்த எஃப்.பி.ஐ. எழுதுனது வரைக்கும் கட்டுக் கட்டா கிடக்கும்போது, அவர் சொல்லாதத அவர் வாயில வச்சு என்னத்துக்கு கேக்கணும். சாட்பாட்ட ஒரே ஒரு வேலைக்கு வச்சிருக்கேன். அலபாமால பர்மிங்காம்ல 1963-ல நடந்த போராட்டம் பத்தி ஒரு பாரா எழுதுன்னு அதுகிட்ட கேட்டு, அத பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் தேடுற வேலை பசங்களுக்கு. பச்சை, சிவப்பு பேனா. மே 2-ம் தேதி ஸ்கூல விட்டு ஊர்வலம் கிளம்புன கறுப்பினப் பசங்க, அவங்க மேல ஏவுன நாய், ஃபயர் ஹோஸ் எல்லாம் அது சரியா எழுதிடும். அதுக்கு வராதது என்னன்னு தேடச் சொன்னா அதுதான் சுவாரஸ்யம்: பசங்களுக்கு ரேடியோ டிஸ்க் ஜாக்கிங்க சங்கேதமா நியூஸ் சொன்னது, ஊர்வலம் போன ஆயிரத்துக்கு மேற்பட்ட பசங்கள ஸ்கூல் போர்டு சஸ்பெண்டு, டிஸ்மிஸ் பண்ணது, அட்லாண்டால இருந்த ஜட்ஜ் எல்பர்ட் டட்டில் மே 22 அன்னைக்கு அத ரத்து பண்ணது. சஸ்பென்ஷன்ங்குற வார்த்தைக்கு ஹைஸ்கூல்ல இருக்குற மரியாதையே தனி, டக்குனு புடிச்சுக்குவாங்க.

கடைசியா ஒரு பெரிய ப்ராஜெக்ட், இதுக்கு ஒரு வாரம் ஒதுக்கிடுவேன். மிசிசிப்பி அரசாங்கம் 1956-ல சாவரின்டி கமிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, இனப் பிரிவினைய காப்பாத்துறதுக்காக சொந்த மக்களையே உளவு பாத்துச்சு. 1977-ல மூடுனப்போ ஃபைல எல்லாம் 2027 வரைக்கும் தொறக்கக்கூடாதுன்னு சீல் வச்சுட்டாங்க, கேஸ் போட்டுப் போட்டு 1998-ல கோர்ட்டு தொறக்க வச்சுது, இப்போ ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ் சைட்லயே ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல ஆன்லைன்ல இருக்கு. பேர் போட்டுத் தேடலாம். நான் குடுக்குற பேர் கிளைட் கென்னர்ட். கொரியா போர்ல இருந்தவர், சிகாகோ யுனிவர்சிட்டியில மூணு வருஷம் படிச்சவர், அம்மாவோட பண்ணையப் பாத்துக்க ஹாட்டிஸ்பர்க் பக்கம் திரும்பி வந்தாரு, பக்கத்துல இருந்த மிசிசிப்பி சதர்ன் காலேஜ்ல சேரணும்னு திரும்பத் திரும்ப அப்ளை பண்ணாரு. வெள்ளைக்காரங்க காலேஜ். 1958-லயே கமிஷன் ஆள் ஒருத்தர் இவரப் பத்தி விசாரிச்சு எழுதுன ரிப்போர்ட் இருக்கு, படிச்ச ஸ்கூல், வேல பாத்த எடம், பேங்க், கடன், அக்கம்பக்கத்துல என்ன பேச்சுன்னு ஒண்ணு விடாம. பசங்க படிக்கப் படிக்க என்ன சொல்லுவாங்கன்னா, "மிஸ், இவர்மேல எதுவுமே கிடைக்கல, அதான் பக்கம் பக்கமா எழுதுறாங்க." 1960-ல 25 டாலர் கோழித்தீவனத்த திருட ஏற்பாடு பண்ணாருன்னு கேஸ், முழுக்க வெள்ளையர் ஜூரி, ஏழு வருஷம், பார்ச்மன் ஜெயில். உள்ள கேன்சர் வந்து, முத்துனப்புறம் வெளிய விட்டு, 1963 ஜூலை 4 அன்னைக்கு செத்துட்டாரு.

இதுல டீச்சர் சொல்லிக் குடுக்க வேண்டிய முக்கியமான விஷயம், உளவாளி எழுதுனது எல்லாம் உண்மை ஆயிடாது. அந்த ஃபைல்ல வதந்தி இருக்கு, பழிவாங்க சொன்னது இருக்கு, சாதாரண ஜனங்க பேரெல்லாம் இருக்கு. அதனால மத்த பேர எடுத்து ப்ராஜெக்ட்ல போடக்கூடாதுன்னு ரூல் வச்சிருக்கேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு கேள்வி: யார் எழுதுனது, யாருக்கு, அவருக்கு எப்படி தெரியும், அவர் என்ன எதிர்பாக்குறாரு. இந்த நாலு கேள்விக்கு ஒரு கூகுள் ஃபாரம் போட்டு வச்சா முப்பது பேரோட பதிலும் ஒரே ஷீட்ல விழுந்துடும், அத ப்ரொஜெக்டர்ல போட்டு, ஒரே பக்கத்த ரெண்டு பேர் எப்படி வேற வேறயா படிச்சிருக்காங்கன்னு வாதம் பண்ண வைக்கலாம். உண்மையச் சொன்னா நான் தினமும் யூஸ் பண்ற ஒரே டிஜிட்டல் டூல் அந்த ஸ்ப்ரெட்ஷீட்தான்.

கென்னர்ட் கதையில மீதி இருக்கு, அத கடைசி நாள்தான் சொல்லுவேன். 2006-ல கோர்ட்டு அவர் குற்றவாளியே இல்லன்னு சொல்லிடுச்சு, அதுக்கு வேல பாத்தவங்கள்ல இல்லினாய்ஸ்ல ஒரு ஹைஸ்கூல் டீச்சரும் அவர் ஸ்டூடன்ட்ஸும் இருக்காங்க. அன்னைக்கு சாட்சி சொன்ன ஆள் 2005-ல நான் சொன்னது பொய்னு ஒத்துக்கிட்டாரு. இன்னொண்ணு, நியூ ஜெர்சியில ஹைட்ஸ்டவுன் ஹைஸ்கூல் பசங்க, தீர்க்கப்படாத சிவில் ரைட்ஸ் கொலை வழக்கு ஃபைல எல்லாம் வெளிய விடணும்னு அவங்களே ஒரு மசோதா எழுதி, வருஷக்கணக்கா செனட்டர் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, 2019 ஜனவரில அது சட்டமாவே ஆயிடுச்சு. இத சொன்னா "நாமளும் பண்ணலாமா மிஸ்"னு கேப்பாங்க. பண்ணுங்க, முதல்ல அந்த நாலு கேள்விக்கு பதில் எழுதுங்கன்னுட்டு அட்டென்டன்ஸ் எடுக்கப் போய்டுவேன்.

சில்லறை விஷயங்க: ஸ்கூல் ஃபில்டர் இந்தப் பாடத்துல பாதி சைட்ட வன்முறைன்னு பிளாக் பண்ணிடும், டீச்சர் லேப்டாப்ல தொறக்குறது ஸ்டூடன்ட் க்ரோம்புக்ல தொறக்காது, அதனால ஒரு ஸ்டூடன்ட் லாகின்ல முன்னாடியே டெஸ்ட் பண்ணுங்க, டாக்குமென்ட் எல்லாம் பி.டி.எஃப்.-ஆ இறக்கி டிரைவ்ல வச்சுக்கோங்க. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல போராட்டத்துல இருந்தவங்க குடுத்த வீடியோ இன்டர்வியூல ஆட்டோ கேப்ஷன நம்பாதீங்க, தெற்கத்திப் பெரியவங்க பேச்ச கண்டபடி எழுதி வைக்கும், டிரான்ஸ்க்ரிப்ட் தனியா இருக்கான்னு பாருங்க. வீட்டுப் பெரியவங்கள பேட்டி எடுத்துட்டு வர்ற பசங்ககிட்ட அவங்க சம்மதம் எழுத்துல வாங்கச் சொல்லுங்க, ஆடியோவ பப்ளிக்கா எங்கயும் ஏத்த விடாதீங்க. இதுக்கெல்லாம் டைமே இல்ல, ஒரே ஒரு பீரியட்தான் இருக்குன்னா அந்த போலீஸ் ரிப்போர்ட்டும் பஸ் படமும் மட்டும் எடுத்துக்கோங்க, பிரின்ட் போட்டாலும் போதும், லேப்டாப்கூட வேண்டாம்.